அண்ணியின் எடை

என் அண்ணனை வெளியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "தராசு வந்தாச்சா?", "தராசுக்குப் போன் போடு, மெஷின் மக்கர் பண்ணுது." இப்படித்தான். கடை கடையாகப் போய்த் தராசு பழுது பார்ப்பது அவன் தொழில். காய்கறிக் கடை மேசையில் இருக்கும் சின்னத் தராசிலிருந்து, கிடங்குகளில் மூட்டைகளை ஏற்றி நிறுக்கும் பெரிய தராசு வரைக்கும் அவன் கை படாதது இல்லை. தோளில் ஒரு பை, அதில் திருப்புளி, ஸ்பேனர், எண்ணெய்ப் புட்டி, தராசைச் சோதித்துப் பார்க்க இரும்பு எடைக்கற்கள். அந்தப் பையைத் தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப் போய்விட்டது. ஊர்த் தராசையெல்லாம் நேராக்குகிறவன் நீ மட்டும் ஏன் சாய்ந்து நடக்கிறாய் என்று கேட்பேன். சிரிக்க மாட்டான். கல்லுளிமங்கன்.

பேச்சுக்கு நான் இருக்கிறேன். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று, வாங்காமல் போகிறவர்களுக்கெல்லாம் பிரித்துப் பிரித்துக் காட்டி மறுபடி மடித்து வைக்கிற வேலை எனக்கு. அங்கே அடக்குகிற வாயெல்லாம் வீட்டுக்கு வந்துதான் திறக்கும். கீழ்த் தளத்தில் அண்ணனும் அண்ணியும், மாடியில் தனிக்கட்டையாக நான். அவர்கள் மகள் குடும்பத்தோடு தூரத்தில் இருக்கிறாள். தினமும் போனில் அழுவாள், அண்ணிதான் அவளைச் சமாதானம் செய்வாள்.

அழ வேண்டியது அண்ணி. இருதயம் பலவீனமாகிவிட்டது அவளுக்கு. "இருதயம் ஒரு பம்பு. இவங்க பம்பு களைச்சுப் போச்சு. வெளிய போக வேண்டிய தண்ணி உடம்புலயே தங்குது. முதல்ல காலு வீங்கும், அப்புறம் நெஞ்சுல ஏறும், மூச்சு முட்டும்" என்று டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். முழுசாகக் குணமாகுமா என்று நான் கேட்டதற்கு, "பார்த்துக்கணும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

போவோம், வருவோம். மறுபடி போவோம். கதவுக்குப் பின்னால் ஒரு பை எப்போதும் தயாராகத் தொங்கும்: மாற்று நைட்டி, துண்டு, டம்ளர், போன் சார்ஜர், சீப்பு. வீட்டுக்கு வந்ததும் அழுக்கைத் துவைத்துக் காயவைத்து அதே பையில் திரும்ப வைப்பான் அண்ணன். ஆஸ்பத்திரி வாசல் காவலாளி அவனைப் பார்த்தால், "என்ன தராசு, மறுபடியுமா?" என்று சொந்தக்காரன் மாதிரி விசாரிப்பார். எந்த லிஃப்ட் நடுவில் நிற்கும், எந்தக் குழாயில் வெந்நீர் வரும், எந்த நர்ஸ் கடுகடுப்பார், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. நோயாளிக்கு ஒருத்தர்தான் துணை என்பது வார்டு விதி. நான் இருக்கிறேன் என்றாலும் விடமாட்டான். "நீ பேசிப் பேசியே அவளுக்கு மூச்சு வாங்க வச்சிடுவ" என்பான்.

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில்தான் அவன் வாசம். உட்கார்ந்தபடியே கோழித் தூக்கம், அண்ணி இருமினால் எழுந்து தலையணையை உயர்த்துவது, வாளியைப் பிடிப்பது, மருந்துக் கடைக்கு ஓடுவது. அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாளே தோளில் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவான். சட்டை அவன் உடம்பில் இல்லை, ஆணியில் தொங்குகிற மாதிரி தொங்கியது. ஆள் பாதியாகிவிட்டான். சொன்னால், "துணி தளர்ந்து போச்சு. உன் கடையில வாங்கினதுதானே" என்று என் தலையிலேயே கட்டுவான்.

அப்புறம் ஒரு நாள் டாக்டரம்மா, "தினமும் காலையில சாப்பிடறதுக்கு முன்னாடி இவங்க எடையைப் பாருங்க. ஒரே உடுப்புல பாருங்க. ரெண்டு மூணு நாள்ல ஒரு கிலோவுக்கு மேல ஏறினா தண்ணி சேருதுன்னு அர்த்தம். காலு வீங்கறதுக்கு முன்னாடியே எடை சொல்லிடும். உடனே வாங்க" என்றார்.

அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை காலம் புரியாத மருந்து, புரியாத படம், புரியாத கோடு என்று தலையாட்டிக்கொண்டே இருந்தவனுக்கு, முதல்முறையாக அவன் பாஷையில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ ஆள் ஏறி நிற்கிற முள் தராசு ஒன்றைக் கொண்டுவந்தான். பிரித்தான், கழுவினான், ஸ்பிரிங் மாற்றினான், கிடங்குக் கல்லையெல்லாம் ஏற்றி இறக்கிச் சோதித்தான். படுக்கையறை மூலையில் தரை மட்டம் பார்த்து வைத்து, "யாரும் இதை நகர்த்தக் கூடாது" என்று என்னைப் பார்த்தே சொன்னான். எடை பார்ப்பதற்கென்று ஒரு பச்சை நைட்டி தனியாக ஆணியில் தொங்கியது. காலையில் அண்ணி ஏறுவாள், அண்ணன் மண்டியிட்டு முள்ளைப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தராசுக்குச் சோதனை.

முதல் தடவை முள் ஏறியதும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ரெண்டு நாள் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்கள். அந்த ரெண்டு நாள் இழுத்துக்கொண்டே போனது. அந்தத் தடவைதான் அண்ணன் நாற்காலியில் அசந்து தூங்கி, அப்படியே சரிந்து கீழே விழுந்தான். நெற்றி கட்டில் காலில் இடித்தது. நர்ஸ் வந்து பிளாஸ்டர் போட்டார். அண்ணியின் கையில் ஊசிக் குழாய், எழுந்து வரவும் முடியவில்லை. நான் மறுநாள் போனபோது அவள் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம், "உன் கடையில கெட்டியான துணி ஏதாவது துண்டு கிடைக்குமா? மாத்திரை போட்டு வைக்க ஒரு பை தைக்கணும்" என்று கேட்டாள். திரைச்சீலைத் துணியில் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் காலை எடையில் ஒரு சின்னக் குழப்பம். ஆஸ்பத்திரியில் சொன்னதைவிட ரெண்டு கிலோ கூடக் காட்டியது வீட்டுத் தராசு. நானாக இருந்தால் பதறியிருப்பேன். அண்ணனோ அலட்சியமாக உதட்டைப் பிதுக்கினான்.

"அது சக்கரம் வச்ச மெஷின். இழுத்துக்கிட்டுப் போற இடத்துல எல்லாம் நிறுத்தறாங்க. தரை மட்டமே இல்ல. அதுல பார்த்தா பயில்வான் கூட நோஞ்சான். நம்ம தராசு காட்டுறதுதான் கணக்கு. இதுலேருந்து ஏறுதான்னு பார்ப்போம்."

ஏறவே இல்லை. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் முள் அடித்துவைத்த மாதிரி அதே இடத்தில் நின்றது. அண்ணன் நிமிர்ந்து நடந்தான். கட்டிலில் படுத்தான். என்ன குறட்டை! மாடியில் எனக்குக் கேட்டது. "கொஞ்சம் புரட்டிப் படுக்க வைங்க அண்ணி, காது கிழியுது" என்றால், "கிழியட்டும், எனக்கு நல்லா இருக்கு" என்று சிரித்தாள்.

இதற்கு நடுவில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரு சண்டை. கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டி ஒன்றில் பழைய பித்தளை எடைக்கற்கள் வைத்திருப்பான். ஒரு கிலோவிலிருந்து நூறு கிராம் வரை, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி. ஒரு நாள் திறந்து பார்த்தால் ஒன்றையும் காணோம். நேராக மாடிக்கு வந்துவிட்டான்.

"ஜன்னல் அடிக்குதுன்னு முட்டுக் கொடுக்க நீதானே எடுத்து வச்சிருக்க?"

"உன் கல்லை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? என் தலையில போட்டுக்கவா?"

"எடுத்தா எடுத்தேன்னு சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"எடுக்கலைன்னா எப்படிச் சொல்றது!"

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சில நாள் கழித்து மறுபடி திறந்திருக்கிறான். ஒரு கல் திரும்பி வந்திருந்தது. இன்னும் சில நாள் கழித்து இன்னொன்று. அப்புறம் பெரிய கல். படிக்கட்டில் என்னைப் பார்த்து, "பரவாயில்ல, ஒவ்வொண்ணா வச்சிடற. மிச்சத்தையும் வச்சிடு" என்றான், ஏதோ மன்னித்துவிட்டவன் மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. செய்யாத திருட்டுக்கு மன்னிப்பு வேறு! அண்ணியிடம் போய்க் கத்தினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு, அவரு குணம் தெரிஞ்சதுதானே" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அண்ணன் வந்ததும் வாசலிலேயே மறித்தேன்.

"அண்ணே, அண்ணி காலைப் பார்த்தியா? வீங்கியிருக்கு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ."

"நின்னுக்கிட்டே வேலை செஞ்சிருப்பா. காலையில எடை பார்த்தேன். அப்படியே இருக்கு."

"எடையைப் பார்க்காதே, ஆளைப் பாரு!"

"கண்ணு ஏமாத்தும். தராசு ஏமாத்தாது. ஞாயித்துக்கிழமைதான் சோதிச்சேன்."

உள்ளேயிருந்து அண்ணி, "எனக்கு ஒண்ணுமில்ல, நீ வேற அவரைப் பயமுறுத்தாதே" என்றாள். ரெண்டு பேரும் சேர்ந்துகொண்டால் நான் எங்கே போவது? நானும் மனுஷிதானே, மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அண்ணன் கிளம்பிப் போன பிறகு, நான் கடைக்குக் கிளம்பும்போது கீழே பாத்திரம் உருளும் சத்தம். ஓடினேன். அண்ணி சமையல்மேடையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். பேச வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. ஆம்புலன்ஸில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணி, என்னைத் திட்டுங்க, ஏதாவது பேசுங்க" என்று உளறிக்கொண்டே போனேன்.

அண்ணன் கிடங்குத் தராசின் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தவன், கையெல்லாம் கிரீஸோடு அவசரப் பிரிவுக்கு ஓடிவந்தான். "காலையில கூட எடை சரியா இருந்துச்சு டாக்டர். தராசு தப்பில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். டாக்டரம்மா, "உடம்பு முழுக்கத் தண்ணி. இவ்வளவு நாள் என்ன பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். அண்ணியின் நைட்டிக்கு உள்ளே, பாவாடை நாடாவில் கட்டியிருந்ததாம், ஒரு துணிப் பையை நீட்டினார். என் கடைத் திரைச்சீலைத் துணி.

"ஏதோ கனமா இருக்கு. தாயத்தா?"

அண்ணன் பையைக் கவிழ்த்தான். உள்ளங்கையில் பித்தளைக் கல் ஒன்று விழுந்தது. நூறு கிராம். திரும்பி வராத கடைசிக் கல்.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. அவனுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த முதல் நாள் எல்லாக் கல்லையும் இடுப்பில் கட்டிக்கொண்டு தராசில் ஏறியிருக்கிறாள். அதுதான் அந்த ரெண்டு கிலோ. உடம்பில் தண்ணீர் ஏற ஏற ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பெட்டியில் திரும்ப வைத்திருக்கிறாள். தண்ணீர் கூடியது, கல் குறைந்தது, முள் நகரவே இல்லை. அவன் வேலை செய்கிற உலகத்தில் ஏமாற்றுவது எப்போதும் தராசுதான், நிறுக்கிற பொருள் அல்ல. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் தராசைச் சோதித்தான். அதில் ஏறுகிறவளைச் சோதிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. கல்லை மூடிய கையோடு சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். என்னைத் திருடி என்று சொன்னதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிழைப்பாளா என்று அப்போது யாரும் உறுதி சொல்லவில்லை. ஆக்சிஜன் முகமூடி, ஊசி, குழாய். அண்ணன் மறுபடி அதே நாற்காலியில். அந்தக் கல் சட்டைப் பையில் இருந்தது. ஒரு வழியாக முகமூடியை எடுத்த நாள் நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அண்ணிதான் ஆரம்பித்தாள்.

"என்மேல கோவமா?"

அவன் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தான்.

"நீங்க அன்னைக்குக் கீழ விழுந்தப்ப என்னால எழுந்து வந்து தூக்கக் கூட முடியல. முள்ளு ஏறினா மறுபடி இங்கதான், மறுபடி இந்த நாற்காலிதான். கொஞ்ச நாளாவது நீங்க கட்டில்ல படுத்துத் தூங்கட்டும்னுதான்..."

அவ்வளவுதான். என் அண்ணன் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"நான் உன்னை எதுக்கு எடை போட்டேன்? ஆஸ்பத்திரிக்குத் துரத்தவா? வீட்டுல வச்சுக்கத்தானே போட்டேன்! சீக்கிரம் தெரிஞ்சா மாத்திரையோட போயிருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. நீ செத்துப் போயிருந்தா நான் எந்தக் கட்டில்ல படுத்து எந்தத் தூக்கம் தூங்கறது?"

வார்டே திரும்பிப் பார்த்தது. கடுகடுப்பான நர்ஸ் விரலை உதட்டில் வைத்தபடி வந்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவன் அழுதான். அண்ணி குழாய் இல்லாத கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புதான்" என்றாள். "ஆனா நீங்களும் ஒண்ணு ஒத்துக்கணும். என்னை மட்டும் எடை போட்டா பத்தாது. தினமும் நீங்களும் ஏறணும். நான் பார்ப்பேன். என் எடை ஏறினா நான் ஆஸ்பத்திரி. உங்க எடை இறங்கினா நீங்க படுக்கை. உங்க தங்கச்சி என்கூட இருப்பா."

"இவளா? வாயாடி."

"வாயாடிதான் முதல்ல காலைப் பார்த்தா" என்றேன் நான். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை என்னையும் கீழே கூப்பிட்டார்கள், சாட்சிக்கு. அண்ணன் மரப்பெட்டியைத் திறந்து ஜன்னலோரம் வைத்திருந்தான், எல்லோர் கண்ணிலும் படும்படி. அண்ணி பச்சை நைட்டியைத் தட்டிக் காட்டிவிட்டு ஏறினாள். ஆஸ்பத்திரியில் சொன்ன எடைக்கும் இதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அண்ணன் ரொம்ப நேரம் மண்டியிட்டபடியே இருந்தான்.

"இப்ப நீங்க" என்றாள் அண்ணி.

ஏறினான். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து பார்த்தாள். "பரவாயில்லையே, கல்யாணத்தப்ப இருந்ததுக்குக் கீழ இறங்கல" என்றாள். எனக்கென்னவோ இடித்தது. இந்தத் தொங்குகிற சட்டைக்கு அந்த எடையா? பார்வை ஜன்னல் பக்கம் போனது. பெட்டியில் பெரிய குழி காலி.

"அண்ணி! ஒரு கிலோவைக் காணோம்!"

அண்ணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "பாக்கெட்டைக் காட்டுங்க."

"அதுல ஒண்ணுமில்ல. திருப்புளி."

"காட்டுங்கன்னா!"

கால்சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பித்தளைக் கல்லை எடுத்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வார்டே அதிரக் கத்தியவன் செய்கிற வேலையா இது! அண்ணியும் சிரித்தாள். அப்புறம் கல்லை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, மறுபடி ஏறச் சொன்னாள். ஏறினான். முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் யாருக்கும் சிரிப்பு இல்லை. கல்யாணத்தின்போது ஒல்லிப்பிச்சானாக இருந்தானே, அதைவிடக் குறைவு.

"கிடங்குல ஒரு வேலை பாதியில நிக்குது" என்று முணுமுணுத்தான்.

"நிக்கட்டும். படுங்க" என்றாள் அண்ணி.

போய்ப் படுத்தான். சட்டையைக் கூடக் கழற்றவில்லை. அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் நெற்றித் தழும்பில் கை வைத்தாள். நான் கடைக்கு வரவில்லை என்று சொல்லப் போனை எடுக்கும்போதே அவன் போன் அடித்தது. கிடங்குக்காரர்.

"தராசு கிளம்பியாச்சா?"

"தராசு இன்னைக்கு வராதுங்க."

"ஏன், வீட்டம்மாவுக்கு மறுபடி முடியலையா?"

"அண்ணி நல்லா இருக்காங்க. அண்ணன் தூங்கறான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கல்லைப் பெட்டியில் அதன் குழியில் வைத்தேன்.